ஊதாத் துணிக்குள் ஒரு பேரம்

காரிமங்கலத்தில் நான் குடியிருந்த தெருவின் கடைசியில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அப்போது ஓட்டுக்கூரை. இப்போது ஷீட் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு மாதா சொரூபம், இரண்டு கைகளையும் தாழ்த்தி விரித்தபடி நிற்கும். அதன் வலது கைச் சுட்டுவிரலில் மட்டும் வர்ணம் போய், உள்ளே இருக்கிற வெள்ளைச் சாந்து தெரியும். எலி கடித்திருக்கும் என்பார் உபதேசியார். ஜன்னல் வெயிலில் உரிந்திருக்கும் என்பார் ஃபாதர். வருஷா வருஷம் அந்த விரலை இறுக்கிப் பிடித்தது யார் என்று எனக்குத் தெரியும். கோயிலில் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊரில் எல்லோரும் அவரைப் புளியக்கா என்றே கூப்பிட்டார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. நான் இண்டூரிலிருந்து ஒரு மருந்துக் கடை வேலைக்காக வந்தவள், அவர் வீட்டுப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். என் அறைக்கும் அவருடைய புளிக் கிடங்குக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர். மாசி மாதம் புதுப்புளி வந்து இறங்கினால் என் தலையணை, துப்பட்டா, கனவு எல்லாமே புளிக்கும். விடிவதற்குள் பெண்கள் வந்து உட்கார்ந்து கொட்டை தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். டொக், டொக் என்று அந்தச் சத்தம் தூக்கத்துக்குள்ளேயே வந்து சேரும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள், திறக்கவேண்டும், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை என்று பாதி விழிப்பில் கிடப்பேன். இன்றைக்கும் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் என்றால் எனக்கு நெற்றியில் சாம்பலும் மூக்கில் புளியும்தான்.

புளி வருகிற மாதங்களும் தவக்காலமும் ஒன்றாக வருவது ஆண்டவர் தனக்கென்று செய்த ஏற்பாடு என்று அக்கா நம்பினார். ஏனென்றால் இரண்டிலும் அவருக்கு ஒரே வேலை. பேரம் பேசுவது.

பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அவருக்குத் திருடிய பொருள் மாதிரி, உறுத்தும். எங்கள் கடையில் தலைவலி மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"கொறச்சிக் குடு கண்ணு."

"அச்சடிச்ச வெலைங்கக்கா. நான் என்ன பண்றது?"

"அச்சடிச்சவன வரச் சொல்லு. நான் பேசிக்கறேன்."

பஸ்ஸில் கண்டக்டரிடம், "குந்தினு வரவங்களுக்கும் ஒரே டிக்கெட்டு, நின்னுகினு வரவங்களுக்கும் ஒரே டிக்கெட்டுன்னா எப்படிங்க?" என்பார். கண்டக்டர் சிரித்துவிட்டு நகர்ந்தாலும் விடமாட்டார், அடுத்த நிறுத்தம் வரை நியாயம் கேட்பார். சாம்பல் புதனன்று வரிசையில் நின்று நெற்றியைக் காட்டுவார். ஃபாதர் விரலால் சாம்பல் பூசி அடுத்த ஆளுக்குப் போகும்போது, "இன்னுங் கொஞ்சம் வைங்க ஃபாதர்" என்று கொசுறு கேட்பார். ஃபாதர் வாலிபர், ஊருக்குப் புதிது. முதல் வருஷம் அரண்டுபோய் இன்னொரு தடவை பூசிவிட்டார். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. அந்த ஊரில் இரண்டு சாம்பல் வாங்கிய ஒரே நெற்றி அக்காவுடையதுதான்.

அவருடைய அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் வாயால் பேசமாட்டார்கள். ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார்கள். எத்தனை விரல், எந்தக் கணு, எவ்வளவு அழுத்தம் என்பதில் விலை இருக்கிறது. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அக்கா அதைச் சின்ன வயதில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிற்காலத்தில் புளி கொண்டுவரும் மலைப் பெண்களிடம் முந்தானைக்குள் பேச ஆரம்பித்தார். அவர்களும் சிரித்துக்கொண்டே பழகிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். கிடங்கு வாசலில் வெயில் பால் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அவருடைய முந்தானைக்குள் என் கை. புளியோடு உப்புச் சேர்த்து அடைத்து அடைத்து அவர் உள்ளங்கை சொரசொரப்பாக இருக்கும்.

"இது ஒன்னு. இது ரெண்டு. கணுவ அமுக்கினா பாதி. அஞ்சுன்னா அஞ்சு வெரலையும் சேத்துப் புடிக்கணும்."

"விரிச்சு நீட்டினா?"

"அதுக்கு சந்தையில வேலையே இல்ல" என்று கையை இழுத்துக்கொண்டார். "எம் பையனுக்கு இதெல்லாம் அத்துப்படி. தாத்தன் மடியில குந்திகினு பால் பாட்டலுக்கே வெரலப் புடிப்பான்."

பையனைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது.

மீதியையும் அவரேதான் சொன்னார், ஒரேயடியாக இல்லாமல், கொட்டை எடுப்பது போலத் துண்டு துண்டாக. பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனான். அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. நம் வேதம்தான், நல்ல குடும்பம், வசதி இல்லை. அக்கா பையனோடு பெண் வீட்டுக்கு நகை, சீர் பேசப் போனார். போன இடத்தில் வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது. பெண்ணின் அப்பா ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, அவர் கொஞ்சம் ஏற, இவர் இன்னும் கேட்க, கடைசியில் பெண்ணின் அம்மா தன் காதுத் தோட்டைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தார்.

"எனக்கு அந்தத் தோடு வேணுமின்னே இல்ல கண்ணு. எதிர்ல நிக்கறவங்க ஒரு படி வந்தா நான் இன்னொரு படி இழுக்கணும். அப்பிடியே வளந்துட்டேன். அந்தம்மா அழுவலை. கழட்டி வச்சிட்டு என்னப் பாத்தாங்க. நான் என்னா சொன்னன் தெரியுமா?"

கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

"'தோட்டோட மாட்டல் வராதுங்களா'ன்னு கேட்டன்."

கிடங்கில் கொட்டை தட்டுகிற பெண்கள் யாரும் அன்றைக்கு இல்லை. அந்தக் கேள்வி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பையன் எழுந்தான். தட்டிலிருந்த தோட்டை எடுத்து அந்த அம்மாவின் கையில் திரும்ப வைத்தான். தன் அம்மாவைக் கூட்டிவந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். கல்யாணம் ஓசூர் கோயிலிலேயே நடந்தது, அம்மா இல்லாமல். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை. போன் போட்டால் மணி அடிக்கும், எடுக்கமாட்டான். நம்பரை மாற்றாமல் வைத்திருக்கிறானே, அதுவே பாதி விலைக்கு வந்த மாதிரிதான் என்பார் அக்கா.

அந்த மீதிப் பாதிக்காகத்தான் அவர் தவக்காலம் இருந்தார்.

முதல் வருஷம் டீயை விட்டாராம். டீ இல்லாத அக்காவை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஈஸ்டர் வந்தது, பையன் வரவில்லை. சாமிக்குப் பத்தவில்லைபோல என்று அடுத்த வருஷம் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். அதற்கடுத்து கட்டிலை விட்டார், பிறகு செருப்பை. பங்குனி வெயிலில் காரிமங்கலம் தார்ரோட்டில் வெறுங்காலோடு நடந்து சிலுவைப்பாதைக்கு வருவார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கறிக்குழம்பு வைத்து, ஒரு டிபன் பாக்ஸில் தனியாக எடுத்து மூடி வைத்திருப்பார். மறுநாள் காலையில் அது என் அறைக்கு வந்துவிடும்.

"இந்த வருஷமும் படியல கண்ணு. அடுத்த வருஷம் ஏத்திப் பாக்கறேன்."

ஃபாதருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் கோயில் வாசலில் நிறுத்தி நயமாகத்தான் சொன்னார். "அக்கா, தவம்னா மனசு திரும்பறது. நீங்க கடவுள்கிட்ட யாவாரம் பண்றீங்க. அவர் என்ன கடையா வச்சிருக்கார்?"

"கடை வச்சிருந்தா, ஃபாதர், ஒரு வெலைக்கு வந்துதானே ஆவணும்? கடை இல்லாதவர்கிட்டதான் ரொம்ப நேரம் பேச வேண்டியிருக்குது" என்று அக்கா சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஃபாதர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் இதைத் தொடவேயில்லை.

எனக்கும் ஃபாதர் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் அக்காவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. நான் தவக்காலத்தில் விட்டது சாக்லேட். அதையும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும். பதிலுக்கு நான் கேட்டதோ நல்ல வேலை, நல்ல மாப்பிள்ளை, அம்மாவுக்கு முழங்கால் வலி போகவேண்டும். அக்கா அளவுக்கு நேர்மையாக நான் பேரம் பேசவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பதிலே வராத ஒரு இடத்தில் வருஷா வருஷம் போய் நின்று இன்னும் கொஞ்சம் ஏற்றித் தருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! அந்த நம்பிக்கை என்னிடம் இருந்ததில்லை. இப்போதும் இருக்கிறதா என்று சந்தேகம்.

நான் அங்கே இருந்த கடைசித் தவக்காலத்தில் அக்கா உப்பை விட்டார். நாள் முழுக்க மணிக்கட்டு வரை உப்பும் புளியுமாக அடைத்துவிட்டு, சாயங்காலம் உப்பில்லாத களியை உப்பில்லாத கீரையோடு உருட்டி விழுங்குவார். முகம் கறுத்துப்போயிற்று. நடக்கும்போது சில சமயம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பயமாக இருந்தது. மருந்துக் கடையில் வேலை செய்கிறவள் என்ற தைரியத்தில், உப்பை ஒரேயடியாக விட்டால் மயக்கம் வரும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இதுக்கு மேல ஏத்தறதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்ல கண்ணு. இதான் கடேசி வெல" என்றார்.

குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கோயிலில் சொரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடுவார்கள். இயேசு பட்ட பாடுகளை நினைக்கிற காலம். ஈஸ்டர் வரை முகம் தெரியாது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாதா சபைப் பெண்கள் சிலரோடு நானும் அக்காவும் போனோம். துணியைப் போர்த்தி, பின்னால் ஊசி குத்தி, மடிப்பு விட்டு முடித்தோம். மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் கத்தரிக்கோலைப் பூசைப் பொருள்கள் வைக்கிற சாக்ரிஸ்தி அறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்து துணியில் விழுந்து, கோயில் முழுக்க லேசாக ஊதாப் பூத்திருந்தது. பெஞ்சுகள், சுவர், என் கைகூட அந்த நிறத்தில் மிதந்தது. மாதா நிற்கும் இடத்தில் ஒரு ஊதா உருவம் மட்டும். அதன் முன்னால் அக்கா முட்டி போட்டிருந்தார். அவருடைய வலது கை துணிக்குள் இருந்தது. துணி அசைந்தது.

போன வருஷமும் இதைப் பார்த்திருக்கிறேன். தூசி தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். இந்த முறை எனக்கு அந்த அசைவு புரிந்தது. துணிக்கு மேலே விரலின் அழுத்தம் தெரிந்தது. அக்கா மாதாவின் விரலைப் பிடித்து விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்தேன். வெளியே மைனா கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் துணி அசைவது நின்றது. கை மட்டும் உள்ளேயே இருந்தது. அப்படியே வெகுநேரம். வெயில் பெஞ்சை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. அக்கா உறங்கிவிட்டாரோ என்று எழுந்து போனேன். கண் திறந்துதான் இருந்தது. அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவராகவே சொன்னார்.

"வருசா வருசம் நான்தான் வெல சொல்லிட்டு வருவன் கண்ணு. அந்த ஒத்த வெரலப் புடிச்சி, டீய வுட்டுட்டன், செருப்ப வுட்டுட்டன்னு. இந்தத் தடவ எனக்கு சொல்றதுக்கு ஒன்னுமில்ல. சரி, நீயே சொல்லு தாயீன்னு கைய வுட்டுட்டு, அவங்க கைய முழுசா தடவிப் பாத்தன்."

நின்றுவிட்டார்.

"விரிச்சி வச்சிருக்காங்க."

எனக்கு விளங்கவில்லை. அந்தச் சொரூபத்தின் கை விரிந்துதானே இருக்கும், வருஷம் முழுக்கப் பார்க்கிறோமே என்றேன்.

"கண்ணால பாத்தா அது சொரூபம். துணிக்குள்ள தொட்டாதான் எனக்குப் பேச்சு." முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பன் ஒரே ஒருக்கா கைய விரிச்சதப் பாத்திருக்கன். ஒருத்தருக்கு உழுவற மாடு செத்துப்போச்சி. வாங்க வக்கில்லாம சந்தையில சும்மா சுத்திகினு இருந்தாரு. எங்கப்பன் அவரக் கூப்ட்டு துண்டப் போட்டு, கைய விரிச்சி நீட்டினாரு. வெல இல்ல, ஓட்டிகினு போன்னு அர்த்தம். வாயால சொன்னா அந்தாளுக்கு அவமானம்னு துண்டுக்குள்ள சொன்னாரு."

அக்கா மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

"இத்தினி வருசமா விரிச்ச கைகிட்ட பேரம் பேசினு இருந்திருக்கன் கண்ணு. பையித்தியக்காரி."

அடுத்த சந்தையில் அக்கா பேரம் பேசவில்லை.

சித்தேரி மலையிலிருந்து பிக்கப் வண்டியில் புளி கொண்டுவருகிற ஒரு பெரியவர் உண்டு. இருவருக்கும் வருஷா வருஷம் ஒரே நாடகம். அவர் ஒரு விலை சொல்வார், அக்கா வாயைப் பிளப்பார், அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு டீக்கடை வரை போவார், அக்கா கூப்பிடுவார், அவர் காது கேட்காத மாதிரி நிற்பார். உச்சிவேளைக்குப் படியும். பிறகு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அன்றைக்கு அவர் விலை சொன்னதும் அக்கா, "சரிங்க, எறக்குங்க" என்றார்.

பெரியவர் மூட்டையை விடாமல் பிடித்துக்கொண்டார். "ஏங்கக்கா, ஒடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறன்."

"புளி புடிக்கலீங்களா?"

"புடிச்சிருக்குதுங்க."

"அப்பறம் ஏன் கேட்ட வெலையக் குடுக்கறீங்க?"

"தவக்காலமுங்க. பேரத்த வுட்டுட்டன்."

பெரியவர் யோசித்தார். "அது உங்க சாமிக்கு நீங்க குடுக்கறது. நடுவுல எனக்கு ஏனுங்க தண்டன?"

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு வியாபாரியிடம் போய், மத்தியானம் வரை சண்டை போட்டு, குறைந்த விலைக்கு விற்றுவிட்டுச் சந்தோஷமாகப் போனார். போகிற வழியில் எட்டிப் பார்த்து, "மிச்ச மூட்டைய ஈஸ்டர் முடிஞ்சி கொண்டாறன். அதுக்குள்ள தெளிஞ்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் எனக்கு ஒன்று தெரிந்தது. பேரம்தான் அக்கா மனிதர்களோடு பேசிய பேச்சு. அதை எடுத்துவிட்டால் அவரிடம் வார்த்தையே இல்லை. பஸ்ஸில் டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். கண்டக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். எங்கள் கடையில் மாத்திரைக்கு அச்சடித்த விலையைக் கொடுத்தார். யாரோ இறந்துபோன வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலையில் என் கதவைத் தட்டினார். "ஓசூருக்குப் போவணும். தொணைக்கு வா கண்ணு."

பஸ் நிலையத்தில் பழம் வாங்கலாம் என்றேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவதா? ஒரு சீப்பு வாழைப்பழமாவது, நல்ல புளியாக ஒரு கிலோவாவது எடுத்துக்கொண்டிருக்கலாமே.

"எதக் கொண்டு போனாலும் அதுக்கு ஒரு வெல வந்துடும்" என்றார். அவர் காதில் இருந்த தோட்டை நான் பார்த்தேன். அவருக்கு நான் நினைத்தது புரிந்துவிட்டது. "இதக் கழட்டிக் குடுத்தா தீந்துருமா? அதுவும் யாவாரந்தான்."

கிருஷ்ணகிரி தாண்டிய பிறகு வழியெல்லாம் மாந்தோப்பு, பிஞ்சு தொங்கியது. அனல் காற்றில் ரோடு தண்ணீராக மினுங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு வந்தார். உப்பில்லாத உடம்பு பஸ் போகிற பக்கமெல்லாம் சாய்ந்தது. நான் தோளைக் கொடுத்தேன்.

மாடிவீடு, முதல் மாடி. பையனின் நண்பன் ஒருவனிடம் நான்தான் முகவரி கேட்டு வைத்திருந்தேன். படியேறி வந்த அக்கா வாசலுக்கு முன்னால் அப்படியே நின்றார். வாசலில் பெரிய செருப்புகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும். அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மருமகள்தான் கதவைத் திறந்தாள். அக்காவைத் தெரிந்துவிட்டது. முகம் மாறியது.

"இப்ப என்னங்க பேச வந்திருக்கீங்க?"

எந்தச் சந்தையிலும் வாயடைத்துப் போகாத மனுஷி. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு மெதுவாக, "பேச வரலம்மா. பாக்க வந்தன். போவச் சொன்னா போயிடறன்" என்றார்.

அவள் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். "வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வாங்க. பாப்பா தூங்குது, சத்தம் போடாதீங்க."

மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி சுற்றியது. உள்ளறைக் கதவு பாதி மூடியிருந்தது, அக்கா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கேட்டால்தானே காட்டுவார்கள் என்று எனக்குப் பதைத்தது. அவர் கேட்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து பையன் வந்தான். கம்பெனிச் சட்டை. கதவருகில் நின்று அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். ஷூவைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"சாப்டியா?"

"இல்லப்பா."

மருமகள் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். சோறு, ரசம், பீன்ஸ் பொரியல். தட்டு வந்ததும், அக்கா இப்போது உப்பு சேர்ப்பதில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்காலை அழுத்தினார். ரசத்தைச் சோற்றில் பிசைந்து முதல் வாய் எடுத்து வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. வாரக்கணக்கில் இருந்த தவம், இன்னும் ஒரு வாரம் தாங்கினால் ஈஸ்டர், அது ஒரு கரண்டி ரசத்தில் கரைந்து உள்ளே போயிற்று. அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை அவள் சோறு போட்டபோது போதும் என்று சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, அவரை அறியாமலே அது வந்துவிட்டது.

"ஏம்மா, இந்தப் புளி எங்க வாங்கின?"

"சூப்பர் மார்க்கெட்ல. பாக்கெட்."

"என்னா வெல?"

அவள் சொன்னாள். அக்காவின் வாய் திறந்தது. அந்த வாக்கியம் தொண்டையில் ஏறி வருவதை என்னால் பார்க்க முடிந்தது. பையனும் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வாயை மூடிக்கொண்டார். எச்சிலை விழுங்கினார்.

"போன வருசத்துப் புளி. கறுத்துப் போயி கெடக்குது. வேற ஒன்னுமில்ல."

மருமகள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உங்ககிட்ட நல்ல புளி கெடைக்குங்களா?"

"கெடைக்கும்."

"என்ன வெலைக்குத் தருவீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு வெற்றிலைத் தட்டும் ஒரு ஜோடித் தோடும் இருந்தன. எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

அக்கா கையின் மேல் கிடந்த முந்தானையை விலக்கினார். வலது கையை அவளுக்கு நேராக நீட்டி, ஐந்து விரலையும் விரித்தார். புளி ஏறிக் கறுத்த ரேகைகள்.

அவளுக்கு அது புரியவில்லை. புருவத்தைச் சுருக்கிக் கணவனிடம் திரும்பினாள். "என்ன கேக்கறாங்க?"

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தாவின் மடியில் உட்கார்ந்திருந்த வயதுக்குப் போய்த் திரும்பி வர அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"ஒன்னும் கேக்கல" என்றான். "வெல இல்லங்கறாங்க."

அவள் தட்டுகளைக் கீழே வைத்தாள். உள்ளறையில் குழந்தை புரண்டு சிணுங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து அந்தப் பக்கம் போனவள், கதவில் கைவைத்து நின்று, நாங்கள் உள்ளே வந்த பிறகு முதன்முதலாக அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அப்ப ஈஸ்டருக்குக் கொண்டாங்க. எங்கம்மாவும் வருவாங்க."

அக்கா தலையாட்டினார். கையை மடக்க மறந்துபோய் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார்.